படுகளத்துக் கனகாம்பரம்

கனகாம்பரத்தைச் சாதுவான செடி என்று நினைப்பவர்கள் அதை வளர்த்துப் பார்த்ததில்லை. பூவுக்கு வாசனை கிடையாது, தலையில் வைத்தால் சீக்கிரம் வாடாது, தனக்கென்று எதுவும் கேட்காது, நல்ல பெண் மாதிரி என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். அதன் காய் வெடிப்பதை அவர்கள் கேட்டதில்லை. பூத்து முடிந்த கதிர் பழுப்பாகக் காய்ந்து நிற்கும். அதன்மேல் ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், டப்பென்று பிளந்து விதையைத் தூக்கி எறியும். மழை பிடித்த நேரத்தில் செடிகளுக்கு நடுவே நின்றால் கன்னத்தில் சுளீரென்று விழும். நான் சொல்வது நாட்டுக் கனகாம்பரம். டெல்லிக் கனகாம்பரம் என்று நர்சரியில் விற்கிறார்களே, அது காய்க்காது, வெடிக்காது. அதை நான் வீட்டுப் பக்கம் சேர்ப்பதில்லை.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. அத்தை மகனையே கட்டிக்கொண்டதால் நான் பிறந்த ஊரிலேயே இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், போர் மோட்டாருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் கனகாம்பரம் போட்டிருந்தேன். அதை வளர்ப்பது என்றால் பாதி நேரம் கொலைதான். கோரையைக் கிழங்கோடு தோண்டி வெயிலில் போட்டுச் சாகடிக்க வேண்டும். மாவுப்பூச்சியைக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். நத்தையைக் கல்லால் தட்ட வேண்டும். ஒரு செடி காரணமில்லாமல் வதங்கினால் பிடுங்கி வேரைப் பார்ப்பேன். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் பாவம் பார்க்கக் கூடாது, அங்கேயே கொளுத்திவிட வேண்டும். விட்டால் பாத்தி முழுவதும் பரவும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள் நான், கையை எதிலாவது காட்ட வேண்டும்.

இந்தப் பூவுக்கு ஊரில் ஒரு முறை உண்டு. எங்கள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று, துரியோதனனைக் கொன்ற பிறகு அம்மன் விரித்த கூந்தலை முடிவாள். அந்த முடிப்புக்குக் கனகாம்பரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அப்பா கொடுத்தார், அவருக்குப் பின் நான் கொடுக்கிறேன். அதனால் ஊர்க்காரர்கள் என் பாத்தியை மிதிக்க மாட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் வந்தால் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எனக்கு ஒரே தங்கை. அவளை மடுகரைக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மதகடிப்பட்டில் ஹார்டுவேர் கடை. எங்கள் பக்கம் சாராயக்கடைக்குப் பஞ்சமில்லை. அதனால் மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒன்றுதான்: குடிப்பானா? இவன் குடிக்க மாட்டான். பீடி கிடையாது, சீட்டு கிடையாது. கடையில் ஆணியை அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பான். வீட்டிலும் அப்படித்தான், செருப்பு ஒரு விரல் கோணலாக இருந்தால் பிடிக்காது. ஊரே எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஏதோ தவம் செய்து மாப்பிள்ளை எடுத்த மாதிரி அம்மா நடந்துகொண்டாள்.

அவன் அடிப்பான் என்று முதலில் யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டு அடிக்கிறவன் தெருவில் சத்தம் போடுவான், விழுவான், நாலு பேர் வந்து பிடிப்பார்கள். இவன் கதவைத் தாழிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடிப்பான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவான். தங்கை ஒருமுறை அம்மாவிடம் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "குடிச்சிருந்தானாடி?" இல்லை என்றாள். "அப்ப நீ இன்னா பண்ண?" என்றாள் அம்மா. அந்தக் கேள்விக்காக அம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தங்கை என்னிடமிருந்து கன்று எடுத்துப்போய் அவன் வீட்டுப் பின்பக்கம் கனகாம்பரம் வைத்திருந்தாள். செடி நன்றாக வந்தது. வந்ததுதான் வினை. மழை பெய்கிறபோதெல்லாம் காய் வெடித்து விதை வீடு முழுக்கத் தெறித்தது. பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்த அவன் வாசலில், சுவர் ஓரத்தில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் எல்லாம் நாற்று முளைத்தது. ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளி எடுக்கச் சொன்னான். அவளும் குனிந்த தலை நிமிராமல் கிள்ளினாள். புதிதாகச் சிமெண்டு போட்ட தளத்தில் ஒரு சின்ன வெடிப்பு விட்டிருந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு இலை எட்டிப் பார்த்ததை ஒரு நாள் அவன் பார்த்துவிட்டான். மம்பட்டியிலிருந்து காம்பைக் கழற்றினான். அவள் தலைக்குக் குறுக்கே வலது கையை வைத்தாள். கை ஒடிந்தது.

செய்தி கேட்டு நான் ஸ்கூட்டியில் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அவள் முழங்கைக்குக் கீழே வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் நின்று, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சீட்டு எழுதுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையவில்லை. என் கையில் ஹெல்மெட் இருந்தது. யோசிக்கவே இல்லை, அதாலேயே அவன் முகத்தில் ஒரு போடு போட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. இரண்டாவது போடுவதற்குள் செக்யூரிட்டி என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மாப்பிள்ளை மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கூடியிருந்தவர்களிடம் நிதானமாகச் சொன்னான்:

"பாத்துக்குங்க. இந்தக் குடும்பத்துல யாரு அடிக்கறாங்கன்னு நீங்களே பாத்துக்குங்க."

எல்லோரும் அவனைத்தான் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா அவனுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினாள். எனக்கு அந்த அம்மாவையும் அடிக்க வேண்டும் போலிருந்தது.

மாவுக்கட்டு போட்டவுடன் தங்கையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் ஊருக்கு வந்தேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அன்று சாயங்காலம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க இங்கேதான் வர வேண்டும். மீறினால் ஊருக்கே ஆகாது என்று நம்பிக்கை. பூசாரி அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டும்போது தங்கையைக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தினேன். மாவுக்கட்டு எல்லோர் கண்ணிலும் படட்டும் என்றுதான் நிறுத்தினேன். அவனும் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தான். ஆனால் அதற்குள் காப்புக் கட்டி மேளம் அடித்து முடிந்துவிட்டது.

கோயில் தலைவர் ஊருக்குப் பெரியவர், எங்களுக்குப் பெரியப்பா முறை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கில்லாடிடி நீ. சரி, காப்பு அவுக்கற வரிக்கும் பொண்ணு இங்க இருக்கட்டும் மாப்ள. அப்பறம் பேசி அனுப்பி வெக்கறேன்."

"நீங்க சொன்னா சரிங்க மாமா," என்றான் அவன், வீங்கிய மூக்கோடு.

"எங்க பெரிப்பா அனுப்புவீங்க? மிச்சமிருக்கற கையையும் ஒடைக்கவா?" என்றேன்.

"வாய கொறைடி. குடிக்காத புள்ள. ஏதோ கோவத்துல கை நீட்டிட்டான்."

ஆகத் திருவிழா முடிகிற வரைக்கும்தான் என் தங்கைக்கு உயிர். படுகளத்தன்று ராத்திரி காப்பு அவிழ்த்தால் மறுநாளே அவளை அனுப்பிவிடுவார்கள். என்னால் தடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் ஊரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் இருக்கிறது என்று நழுவிவிடுவார்.

கொடியேறி பாரதம் படிக்க ஆரம்பித்தார்கள். தங்கை வீட்டுக்குள் உட்காரவில்லை. விடிந்ததும் பாத்தியில் இறங்கிவிடுவாள். இடது கையால் களைக்கொத்தைப் பிடித்து மண்ணைக் குத்துவாள். பார்க்கிறவர்கள் செடிக்கு மண் அணைக்கிறாள் என்று நினைப்பார்கள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு குத்துக்கும் அவன் பெயரைச் சொன்னாள். ஒரு கோரையைப் பிடித்து இழுத்து, வராமல் போக, பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் மண். நத்தையைக் கல்லால் அடித்தபோது அது செத்த பிறகும் நிறுத்தவில்லை.

"போதும்டி," என்றேன்.

"எனக்குப் போதல," என்றாள்.

ஆனால் செடியிடம் மட்டும் அவள் கை மெதுவாக இருந்தது. கடலைப் புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து ஊற்றினாள். காய்ந்த கதிர்களை, வெடிக்கிறதுக்கு முன்னால், ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ளத்தான் புதுக்கதிர் வரும். கனகாம்பரத்தைப் பறிக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கை கதிரைப் பிடிக்க, ஒரு கை பூவை உருவ. அவள் கதிரை உதட்டால் பிடித்துக்கொண்டு இடது கையால் உருவினாள். படுகளத்துக்கு நிறையப் பூ வேண்டும் என்று அதற்கு முந்தின நாள் மட்டும் பறிக்காமலே விட்டு வைத்தாள். பாத்தி முழுக்க ஆரஞ்சாக நின்றது.

படுகளத்தன்று காலையில் ஏரிக்கரைக் கேணியில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு இருவரும் பூப்பறிக்க வந்தோம். பாத்தியில் ஒரு செடியும் இல்லை.

வெட்டியிருந்தால், மாடு மேய்ந்திருந்தால், எனக்குப் புரிந்திருக்கும். எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கி, வேரிலிருந்து மண்ணை உதறி, மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. வேரெல்லாம் ஒரு பக்கம், பூவெல்லாம் ஒரு பக்கம். பெரியது முதலில், சின்னது கடைசியில். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். மாப்பிள்ளை வந்து வேலை செய்துவிட்டுப் போனார், நீங்கள் சொல்லித்தான் செய்கிறார் என்று நினைத்தேன் என்றாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்: "நாளைக்கி அவ கெளம்பறா. இனிமே அவளுக்கு இங்க இன்னா வேல?"

நான் கடப்பாரையை எடுத்தேன். அன்று அவன் என் கண்ணில் பட்டிருந்தால் நான் இப்போது காலாப்பட்டு ஜெயிலில் உட்கார்ந்திருப்பேன். தங்கைதான் கடப்பாரையின் மறுமுனையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"பூ இருக்குதே," என்றேன். "வாடறதுக்குள்ள உருவிடலாம். இல்லன்னா பாகூர் போயி வாங்கியாந்துடறேன்."

"உருவாத. அப்படியே தூக்கு," என்றாள் அவள்.

பழைய புடவை ஒன்றை விரித்துச் செடிகளை அள்ளிக் கட்டினோம். மூட்டையை அவள் தலையில் தூக்கி வைத்தேன்.

கோயிலுக்கு முன்னால் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஒரு லாரி நீளம் இருப்பான். தொடையில் செந்நிறத் தண்ணீர்க் குடத்தைப் புதைத்திருந்தார்கள். பீமன் வேஷக்காரர் அதைக் கதாயுதத்தால் அடித்து உடைத்துவிட்டிருந்தார். ரத்தம் மாதிரி மண்ணில் ஓடிக் காய்ந்துகொண்டிருந்தது. திரௌபதி வேஷம் கட்டிய கூத்துக்காரர் விரித்த தலையோடு உருவத்தின் மார்பருகே நின்றுகொண்டு, கையில் துடைப்பத்தை வைத்து, வரிசையில் வருகிறவர்களை அடித்துக்கொண்டிருந்தார். தலையிலும் முதுகிலும் விளாசுவார். அந்த அடி பட்டால் பீடை போகும் என்று பிள்ளை குட்டியோடு வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு அந்தத் திடலில் துடைப்பத்தால் அடி வாங்கியவர் யாராக இருந்தாலும், போலீஸ்காரராகவே இருந்தாலும், கையெடுத்துக் கும்பிட வேண்டும். கோபப்பட்டால் அம்மனைக் கோபித்த மாதிரி.

வரிசையில் அவனும் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் மஞ்சள், குவித்த கை. பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உபயக்காரர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்ததால் அவர் இருமினால்கூட வயல்வெளி வரைக்கும் கேட்டது. தங்கை நேராக நடந்து போய் மூட்டையை அவர் காலடியில் போட்டாள். முடிச்சு அவிழ்ந்து வேரும் பூவும் சரிந்தன.

"இன்னாம்மா இது?" மைக்கை நகர்த்தாமலே கேட்டார்.

"கூந்தல் முடிப்புக்குப் பூ."

"வேரோட எடுத்தாந்திருக்க? எவன் புடுங்கனான்?"

அந்தக் கேள்வி குழாய் குழாயாக ஊரைச் சுற்றி வந்தது. தங்கை மாவுக்கட்டுக் கையை நீட்டி அவனைக் காட்டினாள்.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குக் கூச்சமில்லை. ஊர் அவன்மேல் விழுந்தது. முதல் அடி யாருடையது என்று தெரியாது. வேட்டி போயிற்று. செருப்பு, முறம், குடத்து ஓடு, கைக்குக் கிடைத்ததெல்லாம் விழுந்தது. அம்மன் பூவைப் பிடுங்கியவனை விடாதே என்று கிழவிகள் கத்தினார்கள். நானும் உள்ளே புகுந்து முடியைப் பிடித்து இழுத்தேன். கையோடு கொத்து வந்தது. உதடு கிழிந்து, பல் ரத்தத்தில் தெரிய, அவன் துரியோதனனின் மண்கால் பக்கத்தில் சுருண்டு கிடந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் குறுக்கே நின்ற ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது.

பெரியவர் மைக்கில் கத்திக் கூட்டத்தை விலக்கினார். தீர்ப்பும் அங்கேயே சொன்னார். அம்மனுக்கு ஆகாத காரியம் செய்தவன் இனி இந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது. அவனோடு இந்த ஊர்ப் பெண்ணை அனுப்புவதும் இல்லை. கூட்டம் குலவையிட்டது. நான் தங்கையைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"இதெல்லாம் செடிக்கா?" என்று கேட்டாள்.

பெரியவருக்கு விளங்கவில்லை.

"செடியப் புடுங்கனதுக்கு இத்தினி பேரு வந்தீங்க. என் கைய ஒடச்சதுக்கு ஒருத்தரு வரல. செடிக்குத் தீர்ப்பு சொல்லிட்டீங்க பெரிப்பா. கைக்கு?"

பெரியவர் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "அது வூட்டு சமாச்சாரம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அதான் நீ இங்கியே இருன்னு சொல்லியாச்சே. அப்பறம் இன்னா?"

தங்கை திரும்பினாள். கூத்துக்காரரின் கையிலிருந்த துடைப்பத்தை இடது கையால் பிடுங்கினாள். அவர் விட்டுவிட்டார். அவள் அதை ஓங்கிப் பெரியவர் தலையில் ஒரு அடி வைத்தாள். ஈர்க்குச்சி பறந்தது. அந்த மனிதரை அவர் பெண்டாட்டிகூட எதிர்த்துப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. மகன்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஆனால் நிற்பது படுகளம், விழுந்தது துடைப்பம். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகன்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவள் மறுபடி அடித்தாள். அவர் மறுபடி கும்பிட்டார்.

"மைக்குல சொல்லுங்க," என்றாள்.

"இன்னான்னும்மா சொல்லணும்?"

"நடந்தத."

கக்கத்திலிருந்து மைக்கை எடுத்தார். தொண்டையைச் செருமினார். கீழே கிடந்தவனைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார்.

"நம்ம ஊரு பொண்ண... அவ புருஷன் கைய ஒடச்சிட்டான். மம்பட்டிக் காம்பால அடிச்சி ஒடச்சிட்டான்." நிறுத்தினார். தங்கை துடைப்பத்தை இறக்கவில்லை. "நாங்க எல்லாரும் தெரிஞ்சிதான் அனுப்பப் பாத்தோம்," என்றார்.

யாரும் குலவையிடவில்லை. அம்மா கூட்டத்தில் எங்கோ இருந்து வாய்விட்டு அழுதாள். அவனோடு வந்திருந்த பங்காளி ஒருவன் வேட்டியைப் பொறுக்கி அவன்மேல் போட்டு, அக்குளில் கை கொடுத்து எழுப்பினான்.

தங்கை அதையெல்லாம் பார்க்கவில்லை. துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தபடி, தெருக்கோடிக் கம்பத்தில் கட்டியிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுக்கா. கடைசி வூட்டுக்குக் கேட்டிருக்காது."